கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றும் முன்

சென்ற மாசி மாதம் ஹரோவில் ஒரு வீட்டுக்கு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பது வயதைத் தாண்டிய அம்மா. இரண்டு வாரமாக வயிற்றோட்டம், தலைச்சுற்று, கால் பிடிப்பு. (அவருடைய அனுமதியுடன்தான் எழுதுகிறேன்.) இருதயத்துக்கு டிஜொக்சினும் கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் எடுப்பவர். சாப்பாட்டில் ஒன்றும் பிழையாகத் தெரியவில்லை. எழும்பும்போதுதான் யன்னல் ஓரத்தில் இருந்த கற்றாழைச் சாடியைக் கண்டேன். மடல்கள் நிறம் மங்கிச் சரிந்து கிடந்தன.

"தம்பி, நாள் தவறாமல் தண்ணி ஊத்துறன். ஊத்த ஊத்த வாடுது. பழுதாகிப் போக முந்திக் குடிப்பம் எண்டு காலமையில ஒரு மடலை அப்படியே அடிச்சுக் குடிக்கிறனான்" என்றார்.

கற்றாழையின் பச்சைத் தோலுக்குக் கீழே மஞ்சள் நிறப் பால் ஒன்று இருக்கிறது. அதைக் காய்ச்சி இறுக்கியதுதான் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கரியபோளம். அதிலுள்ள அலோயின் கடுமையான பேதி மருந்து. அமெரிக்காவில் 2002இல் கற்றாழை கலந்த பேதி மருந்துகளைக் கடையில் நேரடியாக விற்பதை நிறுத்தினார்கள். வயிற்றோட்டம் உடம்பின் பொட்டாசியத்தை இறக்கும். நீர் மாத்திரையும் இறக்கும். பொட்டாசியம் இறங்கினால் டிஜொக்சின் இருதயத் துடிப்பையே குழப்பிவிடும். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பொட்டாசியம் குறைந்துதான் இருந்தது. நல்லவேளை, சில நாட்களில் சுகமாகி வீடு திரும்பினார்.

ஆகவே இருதய நோய், சிறுநீரக நோய், நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கற்றாழைச் சாறு குடிக்க வேண்டாம். கையைச் சுட்டுக்கொண்டால் முதலில் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். கற்றாழைக்கு ஓடுவது பிறகு.

இனி, அந்தச் செடிக்கு என்ன நடந்தது? அதன் வேர் அழுகிவிட்டது. வேருக்கும் மூச்சு வேண்டும். மண் எப்போதும் ஈரமாக இருந்தால் காற்று போக இடமில்லை. வேர் சாகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது. செத்த வேர் தண்ணீரை உறிஞ்சாது. மடல் வாடுகிறது. வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுகிறோம்!

ஊரில் அம்மம்மா கண்ணூறு படாமல் இருக்க வாசலில் கற்றாழையை வேரோடு பிடுங்கித் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. மாதக்கணக்காக உயிரோடு இருக்கும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், பெய்த மழை உடனே இறங்கிவிடும். இங்கே மார்கழியில் பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்லை. செடி ஏறக்குறைய நித்திரையில் இருக்கிறது. ஐப்பசி தொடக்கம் பங்குனி வரை மாதம் ஒருமுறை ஊற்றினாலே போதும். கோடையில்கூட மண் அடிவரை காய்ந்த பிறகுதான். ஒரு மரக்குச்சியைக் குத்தி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டி வந்தால் ஊற்ற வேண்டாம்.

அழுகல் தொடங்கிவிட்டால் செடியைச் சாடியிலிருந்து எடுத்து மண்ணை உதறுங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகியது கறுத்து, கொழகொழத்து, மணக்கும். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால் நல்ல பகுதி தெரியும்வரை வெட்டுங்கள். அரைகுறையாக விட்டால் மீண்டும் பரவும். நீரிழிவுக்காரரின் கால் புண்ணைப் போலத்தான். பிறகு நான்கைந்து நாள் நிழலில் வைத்து வெட்டுவாயைக் காயவிடுங்கள். நம்மவர்களுக்கு இதில்தான் பொறுமை இருப்பதில்லை. காய்ந்ததும் பாதி கொம்போஸ்ட் மண், பாதி சிறுகல் அல்லது பேர்லைட் கலந்து, அடியில் ஓட்டையுள்ள சுட்டமண் சாடியில் நடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டாம். தாய்ச்செடி தப்பாவிட்டாலும் பக்கத்துக் கன்றுகள் பெரும்பாலும் பிழைக்கும். கற்றாழை மடலைத் தனியே நட்டு வேர் விடும் என்று காத்திருக்காதீர்கள், அது அழுகத்தான் செய்யும்.

அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். கொழும்பில் அதில் டெங்கு நுளம்பு முட்டையிடும். இங்கே அந்தப் பயம் இல்லை, ஆனால் ஈர மண்ணில் சிறிய கறுப்பு ஈக்கள் குடியேறும்.

கொம்போஸ்ட் பையை முகத்துக்கு நேரே பிரிக்காதீர்கள். 2013இல் ஸ்கொட்லாந்தில் கொம்போஸ்ட் மண்ணைக் கையாண்ட சிலருக்கு லெஜியனெல்லா லோங்பீச்சே என்ற கிருமியால் கடும் நியூமோனியா வந்தது. இது அரிது. ஆனாலும் வயதானவர்களும் புகைப்பவர்களும் நெஞ்சு வருத்தக்காரரும் கையுறையும் முகக்கவசமும் போட்டு, வெளியில் வைத்து வேலை செய்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், தோட்ட மண்ணைத் தொட்டதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் சதுரக்கள்ளி, திருகுகள்ளி வளர்ப்பவர்கள் வெட்டும்போது கண்ணாடி அணியுங்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் நன்றாகத் தண்ணீரால் கழுவிக்கொண்டே உதவி தேடுங்கள், பார்வைக்கே ஆபத்து.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கியூ பூங்காவுக்குக் கூட்டிச் சென்றால், 1987இல் திறந்த வேல்ஸ் இளவரசி கண்ணாடி மாளிகையின் வறண்ட பகுதியில் கள்ளிகள் நிற்கும் நிலத்தைக் காட்டுங்கள்.

ஹரோ அம்மாவின் செடியில் மூன்று கன்றுகள் பிழைத்தன. இப்போது குடிப்பதில்லை. தண்ணீர் ஊற்றும் நாளை மட்டும் கலண்டரில் பேரன் வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.