மின்பட்டியல் எகிறினால் முதலில் மானியைப் பாருங்கள்

மாதம் 55 அலகுக்கு மேல் போகாத எங்கள் வீட்டிற்குக் கடந்த மாதம் 105 அலகு என்று பட்டியல் வந்தது. மீள்குடியேறிய பின் கட்டிய இரண்டு அறை வீடு. கட்டாவிட்டால் இணைப்பை வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் கடன் கேட்கப் புறப்பட்டேன்.

"முதல்ல பழைய துண்டுகளை எடுத்துப் பாருங்கோ" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

பார்த்தேன். நான் கூலி வேலைக்குப் போய்ப் படலை பூட்டியிருந்த முந்தைய இரண்டு மாதங்களும் உத்தேசமாக 30 அலகு என்றே போட்டிருந்தார்கள். விடுபட்ட 50 அலகும் இந்த மாதத்தில் சேர்ந்துவிட்டது.

இதில்தான் இழப்பு. 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய விலை. நிலையான கட்டணமும் கூடும். துண்டுகளுடன் அலுவலகம் சென்று, மூன்று மாதத்திற்கும் பிரித்துக் கணக்கிடும்படி எழுதிக் கொடுத்தேன். திருத்தித் தந்தார்கள். பாவித்த 165 அலகுக்கும் பணம் கட்டினேன், ஆனால் குறைந்த விலையில்.

வாசிப்பு சரியாக இருந்தால், பிரதான ஆளியை நிறுத்திப் பாருங்கள். அப்போதும் மானி ஓடினால் முறையிடுங்கள். ஆளியைப் போட்டு, வீட்டுப் பொருட்களை மட்டும் நிறுத்தியும் ஓடினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம், மின்னியலாளரிடம் காட்டுங்கள். அலுவலகத்தில் தீர்வு இல்லையெனில் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

இடம்பெயர்வில் காணி உறுதியையே தொலைத்தவர்கள் நாங்கள். இப்போது மின்பட்டியல் துண்டையும் அடையாள அட்டையோடு சேர்த்தே வைக்கிறேன்.