மூட்டுவாதத்துக்கு மென்மையான அசைவுப் பயிற்சிகள்

மூட்டுவாதம் வந்தவர்கள் வலிக்குப் பயந்து மூட்டை அசைக்காமலே வைத்துக்கொள்வதுண்டு. அசைவு குறையக் குறையச் சுற்றியுள்ள தசைகள் மெலியும். தசைநாண்களும் மூட்டு உறையும் இறுகும். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவம்தான் அதற்கு ஊட்டம் தருகிறது. மூட்டு மடங்கி நிமிரும்போதுதான் அந்தத் திரவம் குருத்தெலும்புக்குள் போய்வருகிறது. நீண்ட ஓய்வு மூட்டைப் பட்டினி போடுவதற்குச் சமம்.

மூட்டு இப்போது எவ்வளவு மடங்கி நிமிர்கிறதோ, அதை இழக்காமல் காப்பதே இந்தப் பயிற்சிகளின் முதல் நோக்கம். காலையில் மூட்டு பிடித்துக்கொண்டிருக்கும். தேய்மானத்தால் வந்த இறுக்கம் பொதுவாக அரை மணிக்குள் தளரும். மூட்டுவாதத்தின் மற்றொரு வகையான முடக்குவாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம். வெந்நீர்க் குளியலோ ஒத்தடமோ முடிந்தபின் பயிற்சி செய்வது எளிது.

முழங்காலுக்கு: மல்லாந்து படுத்து, குதிகாலைப் படுக்கையை விட்டு எடுக்காமல் மெல்ல இழுத்து முழங்காலை மடக்கி, மறுபடி நீட்ட வேண்டும். ஐந்து முதல் பத்து முறை போதும். மடக்குவதில் காட்டும் அக்கறையை முழுதாக நீட்டுவதிலும் காட்ட வேண்டும். கால் நேராக நிமிராவிட்டால் நடையே கெட்டுவிடும். இரவெல்லாம் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது இதமாகத்தான் இருக்கும். ஆனால் நாளடைவில் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடக்கூடும் என்பதால், அந்தப் பழக்கத்தை விடுவதே நல்லது.

கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதை உட்கார்ந்தபடியே செய்யலாம். தோளுக்கு, சுவரில் விரல்களை மெல்ல மேலேற்றிக் கையை உயர்த்தலாம்.

கைவிரல்களுக்குத் தனிக் கவனம் தேவை. விரல்களை நேராக நீட்டி, பிறகு கொக்கிபோல் வளைத்து, அதன்பின் இறுக்காமல் முஷ்டி பிடித்து விரிக்க வேண்டும். கட்டைவிரலால் மற்ற நான்கு விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொடலாம். முடக்குவாதம் உள்ள 490 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு, 2015-இல் லான்செட் இதழில் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு, கையை நீட்டி மடக்கும் பயிற்சிகளும் வலுவூட்டும் பயிற்சிகளும் செய்தவர்களுக்கு ஓராண்டுக்குப் பின் கையின் செயல்திறன் கூடுதலாக மேம்பட்டிருந்தது. மருந்து சாப்பிடுபவர்களும் பயிற்சியை விட வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

செய்யும்போது லேசாக இழுப்பது இயல்பு. குத்தும் வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்தும் முன்பைவிட வலி கூடியிருந்தால், அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும். மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாட்களில் இழுத்து நீட்டாமல், வலிக்காத அளவுக்கு ஓரிரு தடவை மெல்ல அசைத்தால் போதும். முடக்குவாதம் கழுத்தின் மேல் எலும்புகளைத் தளர்த்திவிடக்கூடும். அந்த நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் கழுத்துப் பயிற்சி எதையும் தொடங்கக் கூடாது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அசைவுகளை மட்டுமே செய்ய வேண்டும்.