நன்றியும் அறிதலும்

நன்றி என்னுஞ் சொல் நம் நாவில் நாடோறும் பயில்வதொன்று. விழா மேடையில் நன்றியுரை. கடிதத்தின் ஈற்றில் நன்றி. கடையிற் சில்லறை பெறும்போதும் நன்றி. இங்ஙனம் மலிந்துவிட்ட சொல்லின் பொருளை நாம் நின்று நோக்குவது அரிது.

பண்டைத் தமிழில் நன்றி என்பது நன்மை என்னும் பொருளது. உதவி பெற்றவன் கூறுஞ் சொல்லையன்று, உதவியோன் செய்த நன்மையையே அஃது உணர்த்திற்று. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் 'செய்ந்நன்றியறிதல்' எனப் பெயர் பெற்றதேயன்றி, 'நன்றி கூறல்' எனப் பெயர் பெறவில்லை. செய்யப்பட்ட நன்மையை அறிதலே ஈண்டு அறமாகின்றது. கூறுதற்கு நா ஒன்று போதும். அறிதற்கோ, அந்நன்மை யாவரிடமிருந்து, எத்துணை உழைப்பின் பின் நம்மை வந்தடைந்தது என ஆராயும் உள்ளம் வேண்டும்.

உ. வே. சாமிநாதையர் (1855 - 1942) அத்தகைய உள்ளம் வாய்ந்தவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார், 1880இல் அப்பதவி தமக்குப்பின் சாமிநாதையருக்குக் கிடைக்குமாறு முயன்றுதவினார். ஐயர் பின்னாளிற் சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த தம் இல்லத்துக்குத் 'தியாகராஜ விலாசம்' எனப் பெயரிட்டார். தம் ஆசிரியராகிய மீனாட்சிசுந்தரம்பிள்ளை 1876இல் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேற் கழிந்த பின்னரும், தம் முதுமைப் பருவத்தில் அவர்தம் வரலாற்றை எழுதி, 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். அப்பெரும் புலவரின் வாழ்க்கையை நாம் இன்று விரிவாக அறிதற்கு அம்மாணவரின் மறவாமையே காரணம்.

எனினும், நன்றிக்கும் ஓர் எல்லை உண்டு. அங்கநாட்டை அளித்த துரியோதனனுக்காகக் கன்னன் போர்க்களத்தில் உயிரையே ஈந்தான். செஞ்சோற்றுக் கடன் கழித்தான் என உலகம் அவனைப் போற்றுகின்றது. ஆயின், அவையிலே திரௌபதி இழிவுற்றபோது அவன் தன் நண்பனைத் தடுத்திலன். உதவியவன் வழுவும்போது இடித்துரைத்தலும் நன்றியின்பாற்படும். தவற்றுக்குத் துணைபோதல் நன்றியாகாது, அஃது அடிமைத்தனமேயாம்.

இனி, நம் நிலையை நோக்குவோம். இந்நாட்டில் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இலவசம் என்பது, பெறுவோன் விலை கொடுப்பதில்லை என்பதேயன்றி, விலையே இல்லை என்பதன்று. அதனைக் கொடுத்தோர் பிறராவர். அக்காலத்தில் நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பெரும்பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு என்பவற்றாற் கிடைத்தது. மலைச்சாரலிற் குளிரிலும் மழையிலும் கொழுந்து கொய்த கைகள் நம் பாடசாலைகளையும் தாங்கின என்பது மிகையன்று. அத்தொழிலாளரிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் சட்டத்தினாற் குடியுரிமையற்றோராயினர். இலவசக் கல்வியின் முழுப்பயனும் அவர்தம் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் எட்டவில்லை. அக்கல்வியாற் பட்டமும் பதவியும் பெற்ற நம்முட் பலர், அவர்களை ஒருகாலும் நினைத்ததில்லை. முகமறியாதாரிடம் பெற்ற உதவியே எளிதில் மறக்கப்படுகின்றது.

அவர்களுக்கு நாம் எவ்வாறு நன்றி செலுத்துவது? உதவியோர் இன்று இலராயின் கடன் தீர்ந்துவிடாது. அது நமக்குப் பின் வருவோர்பாற் செல்லும். ஐயந்திரிபறக் கற்பித்தல் ஆசிரியர் கடன்; பெற்ற கல்வியை வீணாக்காமை மாணவர் கடன்; தாம் பெற்ற வாய்ப்புப் பெறாத ஒரு பிள்ளைக்கேனும் நூலும் வழியும் உதவுதல் பழைய மாணவர் கடன். இவற்றுக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. வகுப்பறையைக் காலையிற் பெருக்கி வைப்பவரின் பெயரை அறிந்து, அவரை மதிப்புடன் அழைத்தலும் இவ்வறத்தின் தொடக்கமேயாம். நன்றி எனச் சொல்லி முடிப்பதன் முன், யாருக்கு, எதற்கு என நம்மை நாமே ஒருமுறை வினவுவோமாக.