வீட்டுக்காரர் கையெழுத்தும் மருத்துவரின் மனசாட்சியும்

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா." "ஸ்கேன் எடுத்துட்டு அடுத்த வாரம் வா, பெரிய டாக்டர் பார்ப்பாங்க." "இன்னும் கல்யாணம் ஆகலையா? போலீஸ் கேஸாயிடும், வேற இடம் பாருங்க." கருவைக் கலைக்க வேண்டும் என்று மருத்துவமனைக்குப் போகும் பெண்கள் நம் ஊரில் கேட்டுப் பழகிய பதில்கள் இவை. "இதைச் செய்ய என் மனசாட்சி இடம் தரவில்லை, செய்யக்கூடிய மருத்துவரிடம் இன்றே அனுப்பி வைக்கிறேன்" என்று நேராகச் சொல்பவர் அபூர்வம். அப்படிச் சொல்வதற்கென்றே சில நாடுகளில் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் கிடையாது. அதனால் இங்கே மறுப்பு குறைந்துவிடவில்லை; வேறு வேறு காரணங்களின் பின்னால் போய் நின்றுகொண்டது.

சட்டம் இருக்கும் நாட்டில் நிலைமை எப்படி என்று பார்த்தால் நம் நிலைமை இன்னும் தெளிவாகும். பிரிட்டனின் 1967 கருக்கலைப்புச் சட்டம், 4-வது பிரிவில், மனசாட்சிப்படி எதிர்ப்பவர் எவரும் அந்தச் சிகிச்சையில் பங்கேற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறது. பெண்ணின் உயிரைக் காக்கவோ, அவருடைய உடலுக்கோ மனதுக்கோ ஏற்படக்கூடிய நிரந்தரமான கடும் பாதிப்பைத் தடுக்கவோ சிகிச்சை தேவைப்பட்டால் இந்த விலக்கு செல்லாது. இந்த விலக்கு எதுவரை நீளும் என்பதில்தான் வழக்குகள் வந்தன. சால்ஃபோர்டில் ஒரு மருத்துவ அலுவலகத்தின் பெண் ஊழியர், கருக்கலைப்புக்குப் பரிந்துரைக்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்ய மாட்டேன் என்றார். கடிதம் அடிப்பது சிகிச்சையில் பங்கேற்பதாகாது என்று 1988-இல் தீர்ப்பு வந்தது. கிளாஸ்கோவில் பிரசவ வார்டைக் கவனித்துவந்த கத்தோலிக்க மருத்துவச்சிகள் இருவர், அந்தச் சிகிச்சைக்கு மற்ற ஊழியர்களை ஒதுக்குவதும் மேற்பார்வையிடுவதும்கூடத் தங்களால் முடியாது என்றார்கள். 2014 டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நேரடியாகக் கைவைத்துச் செய்யும் வேலைக்கு மட்டுமே விலக்கு, மறுப்பவர் நோயாளியை வேறொருவரிடம் அனுப்பி வைத்தாக வேண்டும் என்றது. அங்கே பணிபுரியும் தமிழ் செவிலியர்கள் பணியில் சேரும்போதே தெரிந்துகொள்ள வேண்டிய எல்லைக்கோடு இது.

இத்தாலியில் 1978-இலேயே மறுக்கும் உரிமை எழுதப்பட்டுவிட்டது. இன்று அங்கே மகப்பேறு மருத்துவர்களில் பத்துக்குச் சுமார் ஆறு பேர் மறுப்பாளர்கள். சட்டம் அனுமதித்த சிகிச்சைக்காகப் பெண்கள் ஊர் ஊராக அலைகிறார்கள். ஸ்வீடன் நேர் எதிர்ப்பக்கம். கருக்கலைப்பில் உதவ மறுத்ததால் வேலை கிடைக்காத இரு மருத்துவச்சிகள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2020-இல் அவர்களுடைய மனுக்கள் தள்ளுபடியாகின.

இனி இந்தியா. 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்தபோது அதில் மனசாட்சி பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தச் சட்டம் பேசியது மருத்துவரைப் பற்றி: இன்னின்ன நிபந்தனைக்கு உட்பட்டுச் செய்தால் அவர் குற்றவாளி ஆகமாட்டார் என்பதே அதன் அடிப்படை. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவிலும் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-வது பிரிவிலும் கருச்சிதைவு செய்விப்பது குற்றமாகவே நிற்கிறது. அதிலிருந்து மருத்துவரைக் காக்கும் குடைதான் 1971 சட்டம். பெண்ணின் உரிமை என்ற பேச்சு பிறகு நீதிமன்றங்கள் வழியாக வந்தது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2009-இல்.

மனசாட்சி பற்றிய விதி எங்கேயுமே இல்லையா என்றால், இருக்கிறது. யாரும் எதிர்பாராத இடத்தில். மருத்துவர்களின் நடத்தை பற்றிய 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், தவறான நடத்தைகளைப் பட்டியலிடும் ஏழாம் அத்தியாயத்தில், 7.15 என்ற எண்ணில். மருத்துவத் தேவை இருக்கும்போது கருத்தடை, மலடாக்கும் சிகிச்சை, சுன்னத், கருக்கலைப்பு ஆகியவற்றைச் செய்யவோ உதவவோ மதத்தை மட்டுமே காரணம் காட்டிப் பதிவுபெற்ற மருத்துவர் மறுக்கக் கூடாது; தனக்கு அதில் திறமை போதாது என்று கருதினால் விலகலாம். 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புதிய ஒழுங்குமுறை அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டதால், இந்தப் பழைய விதியே நடைமுறைக்குத் திரும்பியது. ஆக, பிரிட்டனில் மறுப்பவருக்குப் பாதுகாப்பு என்றால், இங்கே மறுப்பவர் மீதே நடவடிக்கை எடுக்கலாம். இது தெரியாத மருத்துவர்களே ஏராளம். நோயாளிகளுக்கு எங்கே தெரியப்போகிறது?

அந்த விதியில் ஓட்டைகளும் உண்டு. 'மதத்தை மட்டுமே' என்கிறது. 'இது ஒழுக்கக்கேடு' என்று நினைக்கும் மருத்துவர் மதத்தை இழுக்காமலே மறுக்கலாம். 'மருத்துவத் தேவை' எது என்று முடிவு செய்பவரும் அவரேதான். மருத்துவரை மட்டுமே கட்டுப்படுத்தும் விதி என்பதால் செவிலியரும் மருந்தாளுநரும் இதற்குள் வரமாட்டார்கள். மத அமைப்புகள் நடத்தும் தனியார் மருத்துவமனைகளுக்கு இன்னும் சுலபமான வழி ஒன்று திறந்திருக்கிறது. தனியார் இடத்தில் கருக்கலைப்பு செய்ய மாவட்டக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டால் 'எங்களுக்கு அனுமதி இல்லை' என்பது சட்டப்படி சரியான பதிலாகிவிடும். அரசு மருத்துவமனை அப்படிச் சொல்ல முடியாது. பெண்ணின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை என்றால், இட ஒப்புதலும் வாரக் கணக்கும் தடையாகாது என்று 1971 சட்டத்தின் 5-வது பிரிவு சொல்லிவிட்டது.

ஆனால் பெரும்பாலான பெண்கள் முட்டிக்கொள்வது இந்த நுணுக்கங்களில் அல்ல. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளில். அவற்றில் முதலாவது கணவர் கையெழுத்து. பதினெட்டு வயது நிறைந்த, மனநலத்துடன் உள்ள பெண்ணுக்கு அவருடைய ஒப்புதல் ஒன்றே போதும். படிவம் 'சி'யில் கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். தன்னைக் கேட்காமல் மனைவி கருவைக் கலைத்தார், மருத்துவர் உடந்தை என்று இழப்பீடு கேட்டுப் போன ஒரு கணவரின் வழக்கை 2017-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பதினெட்டுக்குக் கீழே என்றால் காப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். கணவருடையது எந்த வயதிலும் சட்டம் கேட்பதல்ல.

இரண்டாவது, தாலி. 1971 சட்டத்துக்கு வந்த 2021 திருத்தம் 'கணவர்' என்று இருந்த இடத்தில் 'துணைவர்' என்று மாற்றியது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரை கருவைக் கலைக்கும் சலுகை மணமாகாத பெண்ணுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், குடும்பத்தாரின் சம்மதம், ஆவணச் சான்று, நீதிமன்ற அனுமதி என்று சட்டம் கேட்காதவற்றை மருத்துவர்கள் கேட்பதையும் கண்டித்தது. மூன்றாவது, போலீஸ் பயம். சிறுமி கர்ப்பமானால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இதற்கு அஞ்சியே பலர் கைகழுவுகிறார்கள். சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் தர வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பு வழி காட்டியிருக்கிறது. ஐந்தாம் மாதம் என்றதும் 'பெண் குழந்தை என்று தெரிந்து கலைக்க வந்தார்களோ' என்ற சந்தேகத்தில் திருப்பி அனுப்புவதும் உண்டு; பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டம் வேறு, இது வேறு. காப்பர்-டி போட்டுக்கொண்டால்தான், குடும்பக் கட்டுப்பாடு செய்தால்தான் கலைப்போம் என்ற நிபந்தனைக்கும் சட்டத்தில் இடமில்லை.

உண்மையான மனசாட்சி மறுப்புக்காரரிடம் எனக்கு மரியாதை உண்டு. அவர் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். மூன்று வாரம் இழுத்தடித்து, நான்காவது வாரத்தில் 'நாள் தாண்டிப் போச்சே' என்பவரிடம் இருப்பதை மனசாட்சி என்று என்னால் அழைக்க முடியவில்லை.

ஏனென்றால் இந்தச் சிகிச்சையில் எல்லாமே வாரக் கணக்கு. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். உறவுகொண்ட நாளிலிருந்து எண்ணுபவர்கள் இரண்டு வாரம் பின்தங்கிவிடுகிறார்கள். ஒன்பது வாரம் வரை மாத்திரையால் முடியும். இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். அதன் பிறகு 24 வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும், அதுவும் விதிகள் சொல்லும் வகையினருக்கு மட்டும்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர், சிறுமி, கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர் அல்லது மணமுறிவு ஆனவர், மாற்றுத்திறனாளி எனச் சிலர். 24-க்கு மேல் கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம். விண்ணப்பம் வந்த மூன்று நாளில் அது பதில் சொல்லியாக வேண்டும். ஒரு வாரத் தாமதம் ஒரு பெண்ணை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தள்ளிவிடும். அலைந்து சலித்தவர் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். கரு கருப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டக்கூடும்.

மருந்துக் கடையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரைக்கு இந்தியாவில் மருத்துவர் சீட்டு தேவையில்லை. இது கருவைக் கலைக்கும் மாத்திரையும் அல்ல. இருந்தும் தமிழ்நாட்டில் பல கடைகளில் 'இல்லை' என்பதே பதில். அதை விற்கச் சட்டத்தடை எதுவும் இல்லை.

மறுக்கப்பட்டால் என்ன செய்வது? முதல் வேலை, நேரத்தைக் காப்பாற்றுவது. சண்டையைப் பிறகு போடலாம். அன்றைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். போகும் முன், மறுத்த காரணத்தை ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பல மறுப்புகள் கரைந்துவிடும். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே 2002 ஒழுங்குமுறையில் உள்ளதுதான். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணை அழைக்கலாம், பெண்கள் உதவிக்கு 181. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையோ தனியாரோ உடனே இலவசச் சிகிச்சை தந்தாக வேண்டும். மறுத்தால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. கருக்கலைப்பு செய்துகொண்டவரின் பெயரை வெளியே விட்டாலும் அதே ஓராண்டு.

பிறகு புகார். மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு, 7.15 என்ற எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம். ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. பணம் கட்டிப் பார்த்த மருத்துவமனை என்றால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு அந்தக் கதவு திறக்காது. வாரம் கடந்துவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு. வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், தொலைபேசி 15100.

இதைப் படிக்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஒன்று. உங்களுக்கு இது உடன்பாடில்லை என்றால் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, பணிப் பட்டியலை மாற்றிக் கேளுங்கள். அப்படிக் கேட்கச் செவிலியருக்குச் சட்டத்தில் தனி உரிமை இல்லை, தடையும் இல்லை. நிர்வாகம் மனம் வைத்தால் நடக்கும். நள்ளிரவில் ரத்தப்போக்கோடு ஒருவர் வந்து, வார்டில் நீங்கள் மட்டும் இருந்தால், அந்த ஏற்பாடு எதுவும் செல்லாது. அவசரச் சிகிச்சை எந்த மருத்துவரும் தட்ட முடியாத கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.