கவலைக்கு ஒரு மாத்திரை: எத்தனை நாளைக்கு?

"ஏண்டிம்மா, நீ பத்திரிகையிலே எழுதறவதானே? ஒரு சந்தேகம் கேட்டா பதில் சொல்லுவியா?"

எங்கள் எதிர் வீட்டு மாமி இப்படி ஆரம்பித்தால், அது தொடர்கதையைப் பற்றியதாகத்தான் இருக்கும். கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகுமா, ஆகாதா என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும் என்று மாமிக்கு ஒரு நம்பிக்கை. ஆனால் அன்று மாமி என் கையில் கொடுத்தது ஒரு மாத்திரை அட்டை. பத்தில் நான்கு காலியாகியிருந்தது.

"மாமா போன துக்கத்திலே எனக்குத் தூக்கமே வரலே. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். டாக்டர் பதினஞ்சு நாளைக்குன்னு எழுதிக் கொடுத்தார். ஆறு வருஷமாச்சு, பழைய சீட்டைக் காட்டியே கடையிலே வாங்கிண்டிருக்கேன். போன மாசம் கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போனேனோல்லியோ, மாத்திரையை மறந்துட்டேன். ரெண்டு ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. கையெல்லாம் நடுங்கித்து. அப்படீன்னா வியாதி இன்னும் போகலைன்னுதானே அர்த்தம்? ஆயுசு முழுக்க இதை முழுங்கணுமா?"

கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்குப் பதில் தேடிப் புறப்பட்டபோது, அது என்னை எங்கெங்கோ அழைத்துக்கொண்டு போய்விட்டது.

எது கவலை, எது வியாதி?

கவலைப்படாத மனிதர் உண்டா? பெண்ணின் கல்யாணம், பிள்ளையின் பரீட்சை, மாதக் கடைசி என்று ஆயிரம் இருக்கின்றன. காரணம் தீர்ந்ததும் அந்தக் கவலையும் தீர்ந்துவிடும். ஆனால் சிலருக்குக் காரணமே இல்லாமல், அல்லது அற்பக் காரணத்துக்காக, மாதக் கணக்கில் மனம் பதறிக்கொண்டே இருக்கிறது. மார்பு அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, தூக்கம் போகிறது, வெளியே கிளம்பவே பயமாக இருக்கிறது. இதைத்தான் வைத்தியர்கள் மனப்பதற்ற நோய் என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். இது மனபலக் குறைவு அல்ல. ரத்த அழுத்தத்தைப் போல இதுவும் சிகிச்சைக்கு உரிய நோய்தான்.

மாத்திரை மோகம்

இந்த நோய்க்கு மாத்திரை வந்த கதை சுவாரஸ்யமானது. 1955-ல் அமெரிக்காவில் 'மில்டவுன்' என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. கண்டுபிடித்தவர் செக் நாட்டில் பிறந்த ஃபிராங்க் பெர்கர். மருந்துக் கடைகளில் 'சரக்குத் தீர்ந்துவிட்டது' என்று பலகை தொங்கவிடும் அளவுக்குக் கிராக்கி! பிறகு லியோ ஸ்டெர்ன்பாக் என்ற ரசாயன நிபுணரின் முயற்சியால் 1960-ல் 'லிப்ரியம்', 1963-ல் 'வாலியம்' ஆகியவை வந்தன.

டாக்டர்கள் இவற்றை வரவேற்றதில் தப்பில்லை. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த பார்பிட்யூரேட் மருந்துகள் அளவு கொஞ்சம் மீறினாலும் உயிருக்கு உலை வைப்பவை. அவற்றோடு ஒப்பிட்டால் வாலியம் மிகச் சாது. 1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற மருந்து அதுதான். 1978-ல் மட்டும் சுமார் 230 கோடி மாத்திரைகள் விற்றனவாம்! வாங்கிச் சாப்பிட்டவர்களில் பெண்களே அதிகம். வீட்டு வேலையும் குழந்தைகளும் தனிமையும் சேர்ந்து அழுத்திய குடும்பப் பெண்களுக்கு, ஆறுதல் வார்த்தைக்குப் பதில் மாத்திரைச் சீட்டு கிடைத்தது. 1966-ல் ஆங்கிலப் பாடகர் குழு ஒன்று இதைக் கேலி செய்து பாட்டே பாடியது. பாட்டின் தலைப்பு, 'அம்மாவின் குட்டி உதவியாள்'!

ஆனால் அந்த உதவியாள் வீட்டை விட்டுப் போக மறுத்தான். இந்த வகை மருந்தை அதிக அளவில் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கு நடுக்கமும் வலிப்பும் கூட வருவதை 1961-லேயே டாக்டர்கள் எழுதி வைத்தார்கள். அதை ஊர் காதில் போட்டுக்கொள்ளப் பல வருஷங்கள் பிடித்தன. 1979-ல் அமெரிக்க செனட் சபையில் எட்வர்ட் கென்னடி தலைமையில் இதைப் பற்றி விசாரணை நடந்தது. இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்து டாக்டர் ஹெதர் ஆஷ்டன் என்ற பெண்மணி, இந்த மாத்திரைகளிலிருந்து விடுபட விரும்பியவர்களுக்கென்றே 1982 முதல் 1994 வரை ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். 1988-ல், இவற்றை இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டிஷ் மருந்துப் பாதுகாப்புக் குழு டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது.

மாமியின் அட்டையில் இருந்த பெயர் அல்ப்ரஸோலம். வாலியத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

நிறுத்தினால் ஏன் நடுங்குகிறது?

மூளையில் 'காபா' என்று ஒரு ரசாயனம் இயற்கையாகவே இருக்கிறது. பதற்றத்தை அடக்குவது அதன் வேலை. இந்த மாத்திரை அதற்குக் கை கொடுக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் படபடப்பு அடங்குகிறது. ஆபத்து வேளைக்கு இதைப் போல உதவுவது வேறில்லை. ஆனால் வெளியாள் தினமும் வந்து வேலை செய்தால் வீட்டு மனிதர்கள் என்ன செய்வார்கள்? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மூளையும் அப்படித்தான். ஒரு நாள் சமையற்காரர் வராவிட்டால் அடுப்பங்கரை படுகிற பாட்டை மூளை படுகிறது.

ஆகவே கும்பகோணத்தில் மாமிக்கு வந்தது பழைய வியாதியாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. மாத்திரை இல்லாத குறையாகவும் இருக்கலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். 'வியாதி திரும்பிவிட்டது' என்று பயந்து மறுபடி மாத்திரையைப் போட்டதும் சுகமாகிவிடும். சங்கிலி இன்னும் இறுகிவிடும்!

வயதானவர்களுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. தள்ளாட்டம், மறதி, ராத்திரி எழுந்திருக்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிதல். மதுவோடும், கடுமையான சில வலி மருந்துகளோடும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும்.

நாணயத்தின் மறுபக்கம்

'அப்படியானால் மாத்திரையே கூடாதா?' என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள்!

என் கல்லூரித் தோழி ஒருத்தி பள்ளிக்கூட ஆசிரியை. பஸ்ஸில் ஏறினாலே மூச்சு முட்டி, உயிர் போய்விடும் போலிருக்கும். வேலையையே விட்டுவிட இருந்தாள். அவளுக்கு டாக்டர் கொடுத்தது வேறு வகை மருந்து, செர்ட்ரலின். 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளூவாக்ஸெட்டினுக்குப் பின்னால் வந்த வரிசை இது. முதலில் மனச்சோர்வுக்கென்று வந்தவை. இப்போது நீடித்த பதற்றத்துக்கும் டாக்டர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் இவற்றைத்தான். ஒரு மணியில் வேலை செய்யாது. இரண்டு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். ஆரம்பத்தில் குமட்டல், கொஞ்சம் படபடப்பு. சிலருக்கு எடை கூடும். தாம்பத்திய இச்சை குறையும். வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இந்தக் கடைசி விஷயத்தை மறைக்கிறவர்கள் அநேகர். டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

தோழி இன்று பஸ்ஸில் போகிறாள், வருகிறாள். எட்டு மாதம் ஆகிறது. இப்போது அவள் மாமியார் சொல்கிறார்: "அதான் நல்லாயிட்டியே, இன்னும் எதுக்கு மாத்திரை? பழக்கமாயிடும், நிறுத்திடும்மா!"

எதிர் வீட்டு மாமி நிறுத்த வேண்டிய காலத்தில் நிறுத்தவில்லை. தோழியையோ, நிறுத்தக் கூடாத காலத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

2017-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் ஒரு கணக்கு வெளியாயிற்று. 28 ஆராய்ச்சிகள், 5,233 நோயாளிகள். எல்லோரும் மனச்சோர்வுக்கான இந்த வகை மருந்துகளால் குணம் கண்டவர்கள். சிலருக்கு மருந்து தொடர்ந்தது; மற்றவர்களுக்கு அதே உருவத்தில் வெறும் மாத்திரை. ஒரு வருஷம் வரை கவனித்ததில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு நோய் திரும்பிற்று. நின்றவர்களில் முப்பத்தாறு பேருக்குத் திரும்பிற்று.

தொடர வேண்டும் என்பவர், 'பார்த்தீர்களா, இரண்டு மடங்குக்கு மேல்!' என்பார். நிறுத்தலாம் என்பவர், 'நூற்றுக்கு அறுபத்து நாலு பேர் சுகமாகத்தானே இருக்கிறார்கள்!' என்பார். இரண்டும் உண்மைதான். அதனால்தான் சுகம் கண்ட பிறகும் ஏறக்குறைய ஒரு வருஷம் தொடருங்கள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே சட்டம் கிடையாது. நோய் இரண்டு மூன்று தடவை திரும்பியவர் நீண்ட காலம் சாப்பிட நேரலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை. இந்த மருந்தையும் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் 'ஷாக்' அடித்தாற்போன்ற உணர்ச்சி எல்லாம் வரும். படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

பயத்தை எதிர்கொள்ளக் கற்றுக் கொடுக்கும் பேச்சுச் சிகிச்சையும் உண்டு. மாத்திரையின் பலன் மாத்திரையோடு. கற்றதன் பலன் பின்னாலும் நிற்கும். இரண்டும் சேர்ந்தால் பலருக்கு நல்லது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

சகோதரிகளே, டாக்டர் சீட்டு எழுதும்போதே கேளுங்கள். இது எந்த வகை மருந்து? எத்தனை நாளைக்கு? மறுபடி எப்போது வந்து காட்ட வேண்டும்? நிறுத்தும்போது எப்படிக் குறைப்பது? ஆரம்பிக்க டாக்டர் வேண்டுமென்றால், முடிக்கவும் டாக்டர் வேண்டும்.

அல்ப்ரஸோலம், டயஸிபாம் போன்றவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பதும், விற்றால் கடைக்காரர் தனிப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்பதும் 2014 மார்ச் முதல் நம் நாட்டுச் சட்டம். பழைய சீட்டுக்குக் கடைக்காரர் மறுத்தால் அவரைக் கோபிக்காதீர்கள். அவர் உங்களுக்கு நன்மைதான் செய்கிறார். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022-ல் அரசு தொடங்கிய இலவச மனநல உதவி அது. தமிழிலேயே பேசலாம்.

மாமியைக் கையோடு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் கோபிக்கவில்லை. "ஆறு வருஷம் ஏறிய மாடியிலிருந்து ஒரே தாவலில் குதிக்க வேண்டாம், ஒவ்வொரு படியாக இறங்கலாம்" என்றார். நாலு மாதத்தில் அளவு பாதியாகியிருக்கிறது. நடுவில் இரண்டு வாரம் தூக்கம் கெட்டது. அங்கேயே நின்று, பிறகு இறங்கினார். இன்னும் பாதிப் படிகள் பாக்கி.

ஒரே ஒரு விஷயத்தில்தான் மாமிக்கும் டாக்டருக்கும் தகராறு. மத்தியானத்துக்கு மேல் காபி கூடாதாம். அது படபடப்பையும் கிளப்பும், தூக்கத்தையும் கெடுக்குமாம்.

"மாத்திரையை விடுன்னார், விட்டுண்டு வரேன்" என்று பெருமூச்சு விட்டார் மாமி. "மூணு மணிக் காபியையும் விடுன்னா, அதுக்கு யார்கிட்டடி மருந்து கேக்கறது?"

அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.