6ஆம் தரத்துப் பிள்ளைக்கு ஏன் இந்த ஊசி?



பள்ளிக்கூடத்திலிருந்து உங்கள் மகள் ஒரு கடதாசி கொண்டு வருகிறாள். அதில் “கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி” என்று எழுதியிருக்கிறது. கொழுந்து நிறுத்து, பிள்ளைக் காம்பராவில் சின்னதைத் தூக்கிக்கொண்டு, விறகும் சுமந்து லயத்துக்கு வந்து சேர்ந்த அம்மாவுக்கு அதை வாசிக்க ஏது நேரம்? “அப்பா வரட்டும்” என்பார். அப்பா வந்து, “பொம்பளப் புள்ள விசயம், அம்மாகிட்ட கேளு” என்பார். “பத்து வயசுப் புள்ளைக்குக் கருப்பையில என்னடி நோயி?” என்று பாட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கடதாசி கூரைத் தகரத்து இடுக்கில் ஏறிவிடும். அப்படி இடுக்கில் போன கடதாசிகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

இந்த ஊசி 2017ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. 6ஆம் தரத்தில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே போடுகிறார்கள். காசு இல்லை. பெற்றோரிடம் பேசும்போது, “பள்ளிக்கூடத்தில போடுறதுதான் எங்களுக்கு நல்லது, கிளினிக்குக்குக் கூட்டிப் போனா ஒரு பேர் போயிருமே” என்று பலர் சொல்கிறார்கள். நியாயமான பேச்சு. ஆனால் பள்ளிக்கூடத்தில் போடுவதால் ஒரு குறையும் உண்டு. ஊசி போடுகிற டொக்டரிடமோ மிஸ்ஸியிடமோ பெற்றோர் நேரில் எதையும் கேட்க முடிவதில்லை. கேட்காத கேள்வி மனதிலேயே கிடந்து பயமாக மாறிவிடுகிறது.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறோம். கருப்பையின் வாசலைக் கருப்பைக் கழுத்து என்பார்கள். அங்கே வரும் புற்றுநோய்க்கு அநேகமாக எப்போதும் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி. இதில் பல வகை இருக்கின்றன. 16, 18 என்று நம்பர் போட்ட இரண்டு வகைகளால் மட்டும் நூற்றுக்கு 70 பங்கு நோய் வருகிறது. கிருமி ஆண் பெண் உறவினால் தொற்றுகிறது. பெரும்பாலானோருக்கு உடம்பே அதை ஒன்றிரண்டு வருடத்தில் விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் உள்ளேயே தங்கி, 15, 20 வருடம் சத்தமில்லாமல் வேலை செய்து, பிறகு புற்றுநோயாக வெளிப்படும். அப்போது அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும், வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கும். தோட்டத்துக்கும் கண்டிக்கும் மகரகமவுக்கும் இடையில் பஸ்ஸில் அலைந்த குடும்பங்களுக்கு அது எப்படிப்பட்ட அலைச்சல் என்று தெரியும்.

உறவினால் தொற்றும் என்று எழுதும்போது எங்களுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. படிக்கிற உங்களுக்கும் இருக்கும். “எங்க புள்ள ஒழுங்கான புள்ள, அவளுக்கு ஏன் இது?” என்று சில தகப்பன்மார் கோபப்படுவதும் இதனால்தான். ஆனால் இந்தக் கிருமிக்கு ஒழுக்கம் தெரியாது. ஒரே புருஷனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். ஊசி போட்டதால் பிள்ளை கெட்டுப் போகப் போவதும் இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது பிள்ளைக் கிளினிக்கில் எத்தனை ஊசி போட்டீர்கள்! அவையும் வராத நோய்க்கு முன்கூட்டியே போட்டவைதான்.

“அப்படியென்றால் கல்யாணத்துக்கு முன்னாடி போட்டுக்கலாமே?” என்று கேட்கிறார்கள். இந்த ஊசி ஏற்கெனவே உடம்புக்குள் போன கிருமியை விரட்டாது. கிருமி வருவதற்கு முன்பே தடுப்புச் சக்தி இருக்க வேண்டும். இன்னொன்று, சின்ன வயதில், அதாவது 9 முதல் 14 வயதுக்குள், உடம்பு இந்த ஊசிக்கு மிக நன்றாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகிறது. பிள்ளை பெரிய மனுஷி ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் போடலாம். மாதவிலக்கு நாளாக இருந்தாலும் பரவாயில்லை.

இனி பெரிய பயம். “இதைப் போட்டா நாளைக்குப் புள்ள பெற முடியாமப் போயிருமா?” இதைச் சத்தமாகக் கேட்கிறவர்கள் குறைவு, மனதில் வைத்திருப்பவர்கள் அதிகம். இதை அறியாமை என்று சொல்லிச் சிரிக்க நாங்கள் தயாரில்லை. 1980களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இந்த நாட்டில் காசு கொடுத்தார்கள். எல்.ஆர்.டி. என்றால் நம் பாட்டிமாருக்கு இன்றும் புரியும். “எங்க பாசையில யாரும் ஒழுங்கா விளக்கல, கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டோம்” என்ற மனக்குறை இன்னும் லயங்களில் பேசப்படுகிறது. அப்படி ஒரு முறை பட்டவர்கள், பேத்திக்கு ஊசி என்றால் இரண்டு தரம் யோசிக்கத்தான் செய்வார்கள்.

ஆனால் இது வேறு. எல்.ஆர்.டி. என்பது கருக்குழாயைக் கட்டும் ஆபரேஷன். இது கையின் மேல்பக்கம் போடும் ஊசி. இதில் உயிருள்ள கிருமி கிடையாது. கிருமியின் மேல்தோலைப் போல் செய்த புரதம் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்த்து உடம்பு எதிரியை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்கிறது. கருப்பைக்கோ மாதவிலக்குக்கோ இது எதுவும் செய்வதில்லை. ஆஸ்திரேலியாவில் 2007இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். அன்று 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்கள் இன்று முப்பது வயதுப் பெண்கள், பலர் தாய்மார். சுவீடன் நாட்டில் பெரிய ஆராய்ச்சி செய்து 2020இல் வெளியிட்டார்கள். 17 வயதுக்கு முன் ஊசி போட்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் நூற்றுக்கு 88 பங்கு குறைந்திருந்தது. ஸ்கொட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட இந்த நோய் வரவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். பாட்டிமாரிடம் இதையும் சொல்லுங்கள்: கருப்பையை எடுக்க வைப்பது அந்த நோய்தான். அதற்கு வைத்தியம் என்றால் பல நேரம் கருப்பையை எடுப்பார்கள், அல்லது கதிர் பிடிப்பார்கள். அதற்குப் பிறகுதான் பிள்ளைக்கு வழியில்லை.

ஊசியால் ஒன்றுமே ஆகாது என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம். கை வலிக்கும், கொஞ்சம் வீங்கும், தலை இடிக்கலாம், காய்ச்சல் வரலாம். இரண்டொரு நாளில் போய்விடும். சில பிள்ளைகள் பயத்தில் மயங்கி விழுவார்கள். வெறும் வயிற்றோடு வந்தவர்களாக இருந்தால் பிறகு கேட்கவே வேண்டாம். அன்று காலையில் ஒரு ரொட்டியும் சம்பலும் கொடுத்து அனுப்புங்கள். ஊசிக்குப் பிறகு கால்மணி நேரமாவது உட்கார வைத்துப் பார்ப்பார்கள். மிக அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம். அதைக் கவனிக்கத்தான் அந்த உட்காரல். முன்பு ஏதாவது ஊசிக்கோ மருந்துக்கோ உடம்பு தடித்தது, மூச்சு முட்டியது என்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அன்று கடுமையான காய்ச்சல் இருந்தால் இன்னொரு நாள் போடலாம்.

2017இல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்றுதான் தொடங்கினார்கள். ஒரு ஊசியும் போதுமான பாதுகாப்புத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் பிள்ளைக்கு எத்தனை, அடுத்தது எப்போது என்று மிஸ்ஸியிடம் கேட்டு, கிளினிக் கொப்பியில் திகதியைப் போட்டு வையுங்கள். கொப்பி மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவும் அப்பாவும் சேர்ந்து முடிவெடுத்த வீடுகளில் குழப்பம் குறைவு என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஊசி போடும் நாள் காலையில் பிரட்டுக்கு ஓடும்போது எடுக்கிற முடிவு நல்ல முடிவாக இருக்காது. மிஸ்ஸி லயத்துக்கு வருகிற நாளில் இரண்டு பேருமாகக் கேளுங்கள். புரியாவிட்டால் இன்னொரு தரம் கேளுங்கள், அவர் கோபிக்க மாட்டார். மகளிடமும் எதற்காக ஊசி என்று சொல்லுங்கள். சொல்லாமல் அனுப்பினால் வகுப்புப் பிள்ளைகள் வேறு கதை சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

அன்று பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளும், படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஊசிக்கு உரிமை உண்டு. எங்கே, எப்போது போடலாம் என்று எம்.ஓ.எச். அலுவலகத்தில் கேளுங்கள். அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இந்த ஊசி பிந்திவிட்டது, ஆனால் 35 வயதானால் வெல் வுமன் கிளினிக்கில் கருப்பைக் கழுத்தைச் சோதித்துப் பார்க்கலாம், அதற்கும் காசில்லை. மகளின் ஊசியைப் பற்றிக் கேட்கிறபோதே அதையும் கேட்டுவிடுங்கள்.

கூரை இடுக்கில் இருக்கிற கடதாசி கரிபிடித்துப் போயிருந்தால் வகுப்பு டீச்சரிடம் வேறொன்று கேட்டு வாங்கலாம்.