ரேகை வைத்தீர்கள், பணம் கைக்கு வரவில்லையா?

களமருதூரிலும் கல்வராயன் மலை ஊர்களிலும் நூறு நாள் வேலைக் கூலியையோ மகளிர் உரிமைத் தொகையையோ கடைக் கருவியில் ரேகை வைத்து எடுக்கிறவர்கள் உண்டு. ‘சர்வர் போகல, ஃபெயில் ஆயிடுச்சு’ என்று கடைக்காரர் சொன்ன பிறகு, கணக்கில் பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தால் என்ன செய்வது?

அந்தப் பணம் உங்களுடையதுதான். 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா, தீர்வு முறைகள் சட்டப்படி, ஆதார் ரேகை, யூபிஐ, ஏடிஎம் எல்லாமே ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் நடப்பவை. 2019 செப்டம்பரில் அது போட்ட உத்தரவு தெளிவானது. 1-ஆம் தேதி ரேகை வைத்துப் பணம் கழிந்து, கைக்கு வராமல் போனால், 6-ஆம் தேதிக்குள் கணக்கில் திரும்ப ஏற வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 10-ஆம் தேதிதான் ஏறியது என்றால் கூடவே 400 ரூபாய் வர வேண்டும். நீங்கள் மனு கொடுக்காவிட்டாலும் அதை வங்கியே தர வேண்டும். யூபிஐயில் ஆளுக்கு ஆள் அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால் கெடு இன்னும் குறைவு: மறுநாளுக்குள். இந்த விதியை ஒவ்வொரு சேவை மையச் சுவரிலும் தமிழில் ஒட்டினால் நல்லது. கூலிக்காரருக்கு ஒரு நாள் தாமதமும் அரிசிக் காசுதான்.

‘ஃபெயில்’ என்றாலும் ரசீது கேளுங்கள். ரசீதைப் பார்க்காமல் மறுபடி மறுபடி விரலை வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பணம் கழியக்கூடும். ரேகை வைத்துப் பணம் எடுக்காதவர்கள் ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கலாம்.

உங்களுக்குத் தெரியாமலே யாரோ எடுத்துவிட்டால், உடனே வங்கிக்கும் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் சொல்லுங்கள். தவறு உங்கள் பக்கமோ வங்கிப் பக்கமோ இல்லாதபோது, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் புகார் சொன்னால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் சொல்லும் வரை போனது உங்கள் பொறுப்பு. அப்போதும் சீக்கிரம் சொல்வதே நல்லது.

புகாரைக் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448.

இந்த வாரமே பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள். கழிந்த பணமும் தாமதத்துக்கான நூறு ரூபாய்களும் ஏறவில்லை என்றால், தயங்காமல் எழுதிக் கேளுங்கள்.